கதவுக்கு வெளியே ஓர் அட்டை

கப்பல் கரையை விட்டு இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. மேல் படுக்கையில் யாரோ படுத்து எழுந்திருந்தார்கள்.

அவள் விளக்கைப் போட்ட கையைச் சுவரிலிருந்து எடுக்காமல் நின்று பார்த்தாள். ஜன்னல் இல்லாத உள்ளறை. இரண்டு சுவரோரமும் ஒவ்வொரு கட்டில், நடுவில் ஒரு ஆள் திரும்புகிற இடம், தலைமாட்டில் ஒரு சின்ன மேசை, வாசலை ஒட்டிக் குளியலறை. அவளுடைய கட்டிலுக்கு மேலே, கூரையில் மடித்துவைக்கிற மூன்றாவது படுக்கை ஒன்று இறக்கிவிடப்பட்டிருந்தது. காலையில் அதன் விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்ததை அவளே பார்த்திருந்தாள். இப்போது நடுவில் குழிந்திருந்தது. தலையணையின் ஓரத்தில் ஒரு பள்ளம். சுவரைப் பார்த்து ஒருக்களித்து, முழங்கால்களை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு ஒருவர் படுத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு.

ஏணியில் ஏறிக் கையை நீட்டித் தொட்டாள். விரிப்பு நனைந்திருந்தது. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த பாத்திரத்தைத் துணிமேல் வைத்து எடுத்தால் அடியில் தங்குமே, அந்த மாதிரி சில்லிட்ட ஈரம்.

அந்தப் படுக்கையை இறக்கிவைக்கச் சொன்னது அவள்தான். அதில் யாரும் படுப்பதாக இல்லை.

கூடப் பயணம் வந்த மைனா மேல்தளத்தில், நீச்சல் குளத்தோரம் சாய்வு நாற்காலியில் இருந்தாள். காலையிலிருந்து இருவரும் ஒன்றாகத்தான் இருந்தார்கள். அப்படியானால் அறையைச் சுத்தம் செய்கிறவர்தான் களைத்துப்போய்க் கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும். பாவம், எத்தனை அறையைத்தான் துடைப்பார் என்று சொல்லிக்கொண்டாள். ஈரத்துக்கு மட்டும் காரணம் கிடைக்கவில்லை. வந்த வேலையான தொப்பியை எடுத்துக்கொண்டு, விளக்கை அணைத்தாள். பட்டப்பகலில் அந்த அறை மைபோல இருண்டது. இருட்டுக்குள் எங்கோ ஒரு பலகை கிறீச்சிட்டது. கப்பல் என்றால் கிறீச்சிடத்தான் செய்யும்.

முதல் நாள், அறைகளைக் கவனித்துக்கொள்ளும் அறைக்காரரிடம் படுக்கையை இறக்கச் சொன்னபோது அவர் சிரித்தார். நரைத்த மீசை வைத்த, எல்லாவற்றுக்கும் ஒரு கதை வைத்திருக்கிற மனிதர்.

"ரெண்டு பேர்தானே மேடம்?"

"ரெண்டு பேர்தான். ஆனா அந்த மேல் படுக்கை இறங்கியே இருக்கட்டும் அண்ணா. தினமும் விரிப்பு மாத்திடுங்க."

"அதுக்கென்ன. போன தடவை ஒருத்தர் அவர் பொம்மைக் கரடிக்குத் தனிக் கட்டில் கேட்டாரு. நான் கரடிக்கும் சேர்த்துதான் போர்வை போத்திவிட்டேன்."

மைனா உள்ளே வந்ததும் முதலில் பார்த்தது அதைத்தான். "யாருக்குடி இது?"

"சாமான் வைக்க."

"உன் ஒரு பைக்கு ஒரு கட்டிலா? நல்லா வாழுற போ." சிரித்தாள். சிரித்துக்கொண்டே குளியலறைக்குள் போனாள். போகும்போது காலிலிருந்த செருப்பைக் கழற்றிக் கதவிடுக்கில் வைத்தாள், கதவு முழுசாகச் சாத்திக்கொள்ளாமல்.

அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அவளுடைய அக்கா வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில்தான் மைனாவும் இருந்தாள். ஓயாமல் பேசுவதால் அங்கே எல்லோருக்கும் மைனா. அந்தக் கட்டடத்தின் கடைசியில் மாதிரிகளை உறையவைக்கிற ஓர் அறை இருந்தது. எப்போதும் மைனஸ் இருபதில் இருப்பதால் அதற்குப் பெயரே 'இருபது'தான். "இருபதுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு, தடித்த பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு போவார்கள். ஒரே ஒரு வழக்கம் கண்டிப்பானது. உள்ளே போகிறவர் கழுத்திலிருக்கும் அடையாள அட்டையைக் கழற்றி, கதவுக்கு வெளியே இருக்கும் ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆணியில் அட்டை தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது. வெறும் ஆணி என்றால் வெறும் அறை. காவலாளி தினமும் ஆணியைப் பார்த்துவிட்டுத்தான் கட்டடத்தைப் பூட்டுவார்.

அன்றைக்கு ஆணி வெறுமையாக இருந்தது.

மறுநாள் காலையில் அக்காவைச் சுவரோரம் கண்டார்கள். முழங்கால்கள் நெஞ்சோடு சேர்ந்திருந்தன. உள்ளேயிருந்து கதவைத் திறக்கிற குமிழ் பனியில் இறுகிப்போயிருந்ததாம். கையுறைகளின் உள்ளங்கை நைந்துபோயிருந்தது. அட்டையை மாட்ட மறந்துவிட்டாள், விபத்து, என்று எல்லோரும் சொன்னார்கள். மைனா ஒரு வாரம் கழித்து அக்காவின் பொருள்களை அட்டைப் பெட்டியில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்தாள். குவளை, வெள்ளைக் கோட்டு, அடையாள அட்டை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அட்டை எங்க இருந்துச்சு?" என்று அவள் மைனாவிடம் கேட்டாள்.

"அவ மேசை இழுப்பறைக்குள்ளதான்மா இருந்துச்சு."

இழுப்பறையின் சாவியை அக்கா அன்று வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். மதியம் போன் பண்ணி, "எலி, சாவி மேசை மேலதான் இருக்கா பாரு" என்று கேட்டிருந்தாள். எலி என்று அவளைக் கூப்பிட்டது உலகத்தில் அக்கா ஒருத்திதான். சாவி அன்று முழுக்க வீட்டு மேசைமேல்தான் இருந்தது. பூட்டிய இழுப்பறைக்குள் அட்டை போயிருக்க முடியாது.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மைனா வேறொரு பதில் சொல்லியிருப்பாள். அவளுக்கு வேறொரு பதில் வேண்டாம். நடந்தது மைனாவின் வாயால் வர வேண்டும், அதை அவள் காதால் கேட்க வேண்டும். அதற்காகச் சிநேகம் பிடித்தாள். மைனா வீட்டுக்கு வந்தபோதெல்லாம் டீ போட்டுக் கொடுத்தாள். "அக்கான்னு கூப்பிடாதே, எனக்கு வயசான மாதிரி இருக்கு, மைனான்னே கூப்பிடு" என்றபோது சரி என்றாள். அக்கா என்ற சொல்லை மைனாவுக்குக் கொடுப்பதாகவும் இல்லை. எங்கே போனாலும் மைனா கதவிடுக்கில் செருப்பு வைப்பதைக் கவனித்தாள். லிஃப்டில் ஏறாமல் ஏழு மாடி நடப்பதைக் கவனித்தாள். பிறகு ஒருநாள், "நம்ம ரெண்டு பேரும் கப்பல்ல போலாமா?" என்று கேட்டாள்.

மைனா துள்ளினாள். இருவருக்கும் முதல் கப்பல் பயணம். மைனா வெயில் கண்ணாடியும் பூப்போட்ட பாவாடையும் வாங்கினாள். அவள் ஜன்னல் இல்லாத அறையைக் கேட்டு வாங்கினாள். இரும்புச் சுவர், இரும்புக் கதவு, சுற்றிலும் தண்ணீர். இறங்கி ஓட இடமில்லை.

இரண்டாம் நாள் மாலை, சாப்பாட்டு மேசையில் மூன்று தட்டு இருந்தது.

முதல் நாள் பரிமாறுகிறவரிடம் மூன்றாவது தட்டு கேட்டது அவள். மைனா அதைப் பார்த்து, "யாருடி வரப்போறா, கேப்டனா? அழகா இருப்பாரா?" என்று கேலி செய்தபோது, "பழக்கதோஷம். எங்க வீட்டுல எப்பவும் மூணு" என்றாள். மைனாவின் கரண்டி பாதி வழியில் நின்றது. பிறகு அதிகமாகச் சிரித்தாள், அதிகமாகச் சாப்பிட்டாள். அதுதான் திட்டம். துளித்துளியாக.

ஆனால் இன்று அவள் கேட்கவில்லை. இன்றைக்குப் பரிமாறுகிறவரும் வேறு ஆள்.

கூடத்தில் பாத்திரச் சத்தம், பியானோ, வெண்ணெயும் எலுமிச்சையும் கலந்த வாசனை. அதற்கெல்லாம் அடியில், மெல்லிசாக, இன்னொரு வாசனை. நனைந்த அட்டைப் பெட்டியும் ரப்பரும் பழைய பனியும் சேர்ந்த வாசனை. வேலை முடிந்து வரும் அக்காவின் கோட்டில் அது இருக்கும். மூன்றாவது தம்ளரில் இருந்தது மற்ற இரண்டிலும் இருந்த அதே தண்ணீர்தான். அதன் வெளிப்புறம் மட்டும் வேர்த்து, அடியில் மேசைத்துணி வட்டமாக நனைந்திருந்தது. பக்கத்தில் கைத்துணி பிரித்து வைக்கப்பட்டிருந்தது.

"போதும் குட்டி," என்றாள் மைனா மெதுவாக. அவள் குரலில் இப்போது கேலி இல்லை. "நேத்து ஒரு தடவை சரி. தினமுமா?"

"நான் கேக்கல."

"பின்னே யாரு கேட்டாங்களாம்?"

 மூன்றாவது நாற்காலி மேசையை ஒட்டி இல்லை. ஒருவர் உட்கார்ந்து எழுந்த அளவுக்குத் தள்ளி இருந்தது.

அறைக்குத் திரும்பியபோது குளிர் வாசலிலேயே முகத்தில் அறைந்தது. அதுவும் அவள் செய்த ஏற்பாடுதான். முதல் நாளே ஏசியின் திருகைக் கடைசிவரை திருப்பிவைத்திருந்தாள். அன்று மைனா பல் கிடுகிடுக்க, "என்னடி இது, பிணவறை மாதிரி" என்று சொல்லிவிட்டு, தான் சொன்னது காதில் விழுந்து, வாயைப் பொத்திக்கொண்டாள். நேற்று அது அவளுக்கு இனித்தது. இன்று அவள் நேராகப் போய்த் திருகை வெப்பத்தின் பக்கம் திருப்பினாள். காற்று வருகிற துளையில் கையை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. இயந்திரம் நின்றிருந்தது. குளிர் மேலேயிருந்து இறங்கியது. பாத்திரம் வழிவதுபோல, மேல் படுக்கையின் விளிம்பிலிருந்து, அவள் கட்டில்மேல்.

அன்று அவள் மேசையோரம் தரையில் போர்வையை விரித்துப் படுத்தாள். முதுகு வலி என்று மைனாவிடம் சொன்னாள். விளக்கை அணைக்க வேண்டாம் என்று மைனா சொன்னாள். 

மறுநாள் காலை அறைக்காரர் நடைவழியில் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வண்டியின் மேலே ஒரு கம்பளிப் போர்வை இருந்தது.

"மேல் படுக்கைய மடிச்சு வச்சிடுங்க அண்ணா. இனிமே வேண்டாம்."

அவர் கொஞ்சம் தயங்கினார். "நேத்து மத்தியானம் தூங்குனவங்களுக்கு?"

"யாரு?"

"மேடம், நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். ரெண்டு பேர்னு சொல்லிட்டு மூணு பேர் தங்குறது எல்லாக் கப்பல்லயும் நடக்குறதுதான். நான் கண்டுக்க மாட்டேன். இன்னிக்குக் காலையில நீங்க ரெண்டு பேரும் டிபனுக்குப் போனப்புறம் துடைக்க வந்தேன். குளியலறைக்குள்ள இருந்து குரல் குடுத்தாங்க. முகத்தைப் பாக்கல. இன்னொரு போர்வை வேணும்னாங்க." அவர் போர்வையைத் தட்டிக் காட்டினார். பிறகு கொஞ்சம் புண்பட்ட முகத்தோடு, "அதுகூடப் பரவாயில்ல. எலி தரையில படுத்திருக்கு, எலிக்குக் குளிரும்னாங்க. இருபது வருஷமா இந்த வேலை பாக்குறேன் மேடம். எங்க கப்பல்ல எலியே கிடையாது."

அவள் போர்வையை வாங்கிக்கொண்டாள். மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

நியாயமாகப் பார்த்தால் அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். ஒன்றரை வருடமாகக் கேட்காத சொல். ஆனால் வந்தது பயம்தான். அக்கா வந்திருக்கிறாள் என்றால் எதற்கு வந்திருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். அவள்தான் அழைத்தாள். படுக்கை போட்டு, தட்டு வைத்து, அறையைக் குளிரவைத்து அழைத்தாள். தனக்கு வேண்டியது ஒரு வாக்கியம்தான். அக்காவுக்கு வேண்டியது என்ன என்று அவள் கேட்டதில்லை.

ஆனாலும் நிறுத்த மனம் வரவில்லை. கடைசி ஒன்று பாக்கியிருந்தது. பையின் அடியில், துணிக்குள் சுற்றிவைத்திருந்த அக்காவின் அடையாள அட்டை. கப்பல் அறைக்கதவின் வெளியே, அறைக்கான சீட்டுகளை மாட்டிவைக்க ஒரு சின்னக் கொக்கி இருந்தது. அதில் அட்டையை மாட்டி, மைனா வெளியே வரும்போது அதன் எதிரில் நிறுத்திவிட்டு, கேட்டுவிட வேண்டும். நேருக்கு நேர். அத்தோடு முடித்துக்கொள்ளலாம். அதற்கப்புறம் அக்கா போய்விடுவாள்.

மதியம் கடல் கொஞ்சம் எழுந்தது. தரை மூச்சுவிடுவதுபோல ஏறி இறங்கியது. மைனாவுக்குக் குமட்டல். சாப்பிடாமல் கட்டிலில் கிடந்தாள். மேல் படுக்கை கூரையோடு மடிந்து, தாழ்ப்பாள் போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் இருவருக்குமே கொஞ்சம் தெம்பு வந்தது.

"குட்டி, கோச்சுக்காதே," என்றாள் மைனா கண்ணை மூடிக்கொண்டே. "நீ என்மேல ஏதோ வருத்தத்துல இருக்கேன்னு தெரியுது. கரைக்குப் போனதும் பேசலாம். இங்க வேண்டாம்."

"ஏன், இங்க பேசுனா என்ன?"

"இங்க கதவு ரொம்ப கனமா இருக்கு."

அவள் பையைத் திறந்தாள். அடிவரை துழாவினாள். சுற்றிவைத்த துணி இருந்தது. உள்ளே அட்டை இல்லை.

"என் பையைத் தொட்டியா மைனா?"

"எனக்கு எழுந்திரிக்கவே முடியல. உன் பையை நான் ஏன் தொடப்போறேன்? வாந்தி வருது, அந்த அண்ணன்கிட்ட மாத்திரை ஏதாச்சும் இருக்கா கேளேன்."

சுற்றிவைத்த துணி விறைத்திருந்தது. விரலால் அழுத்தினால் மெல்ல நொறுங்கியது. அவள் அதைக் கீழே போட்டுவிட்டு, வாசலுக்குப் போனாள். கதவைத் திறந்து நடைவழிக்கு வந்தாள். பின்னால் கதவு தன் கனத்தில் தானே சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது.

நடைவழி நீளமானது. இருபுறமும் ஒரே மாதிரிக் கதவுகள், மஞ்சள் விளக்கு, காலடியை விழுங்கும் கம்பளம். மேல்தளத்தில் ஏதோ இசை நிகழ்ச்சி. எல்லோரும் அங்கே போயிருந்தார்கள். அறைக்காரரின் வண்டி கடைசித் திருப்பத்தில் தனியாக நின்றது. அவரைக் காணவில்லை. மேலே கை தட்டுகிற சத்தம் கூரை வழியாக மழைபோலக் கேட்டு, நின்றது.

அவள் திரும்பினாள்.

அவர்கள் அறைக் கதவின் கொக்கியில் அட்டை தொங்கியது.

வெள்ளைப் பனி படிந்திருந்தது. அக்காவின் முகம் பனிக்கு அடியில். கயிறு குச்சிபோல விறைத்து நின்றது. கப்பல் சாய்ந்தபோதும் அது ஆடவில்லை.

உள்ளே ஆள் இருக்கிறது.

அவள் அறைச்சாவியான பிளாஸ்டிக் அட்டையைப் பூட்டில் செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது. தாழ் விலகுகிற சத்தம் கேட்டது. கைப்பிடியைப் பிடித்தாள். சுட்டது. கையை உதறினாள். சூடு இல்லை, குளிர். உள்ளங்கைத் தோல் கொஞ்சம் கைப்பிடியிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது.

உள்ளேயிருந்து தட்டினார்கள்.

"குட்டி? லைட்டு போயிடுச்சுடி. கதவைத் திற."

"நான் திறக்கத்தான் பாக்குறேன். கைப்பிடி இறங்கல. நீ உள்ளேருந்து இழு."

"இழுக்குறேன், வரல. கை ஒட்டுது." கொஞ்சம் சிரிப்பு. "விளையாடாதே, ப்ளீஸ். நான் ஏற்கனவே பயந்தாங்கொள்ளி."

"நான் விளையாடல மைனா."

 பிறகு, கதவுக்கு மிக அருகில், உதடு இரும்பில் படுகிற அளவுக்கு அருகில்:

"குட்டி. மேல் படுக்கை இறங்குது."

தாழ்ப்பாள் விடுபடுகிற ஒலி வெளியிலும் கேட்டது. ஏணி கிறீச்சிட்டது. ஒரு படி. இன்னொரு படி.

"யாரோ இறங்குறாங்கடி. கூப்பிடு. யாரையாச்சும் கூப்பிடு."

அவள் வாயைத் திறந்தாள். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால்கூட உள்ளேன் ஐயா என்று சொல்ல வராத தொண்டை அது. "அண்ணா" என்றாள். நடைவழி அந்தச் சத்தத்தைக் கம்பளத்துக்குள் வாங்கிக்கொண்டது. கடைசித் திருப்பம்வரை ஓடினால் ஆள் இருக்கும். ஓடலாம். கால் நகரவில்லை. பயத்தால் என்று நினைத்தாள். முழுக்கப் பயம் இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

உள்ளே தட்டல். முதலில் விரல்முட்டி. பிறகு உள்ளங்கை. பட். பட். பட்.

இந்தச் சத்தத்தை அவள் ஒன்றரை வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சோறு பிசையும்போது. பேருந்தில் நிற்கும்போது. கேட்காத ஒரு சத்தத்தை மனம் எப்படியெல்லாம் தட்டிப் பார்க்கும். இப்போது அசல் சத்தம். இதே மாதிரிதான் இருந்திருக்கும்.

கதவில் நெற்றியை வைத்தாள். தோல் சில்லிட்டது. தன் குரலே தனக்குப் புதிதாக இருந்தது.

"அன்னிக்கு என்ன நடந்துச்சு மைனா?"

"ஐயோ, இப்பவா கேக்குற?"

"சொல்லு."

"திற. வெளிய வந்து சொல்றேன். சத்தியமா சொல்றேன்."

"அட்டை பூட்டுன இழுப்பறைக்குள்ள எப்படிப் போச்சு? சாவி எங்க வீட்டுல இருந்துச்சு."

உள்ளே மூச்சு மட்டும் கேட்டது. அறுபட்டு அறுபட்டு. பல் தந்தியடிக்கிற சத்தம்.

"நான் கெட்டுப்போன சாம்பிளையெல்லாம் தூக்கிப்போட்டுட்டு வேற எடுத்து வச்சேன். உங்கக்கா கண்டுபிடிச்சுட்டா. காலையில மேல சொல்லப்போறேன்னா. என் வேலை போயிருக்கும் குட்டி."

"அது எனக்குத் தெரியும். அக்கா முந்தின நாளே வீட்டுல சொன்னா. அப்புறம்?"

"குளிருது. என் பக்கத்துல நிக்கிறா. பேச மாட்டேங்கிறா. கையைப் பிடிச்சிருக்கா குட்டி. திறடி."

அப்போது பூட்டு தளர்ந்தது. கைப்பிடியில் இருந்த பனி கோடு கோடாக விட்டுப் பிளந்து உதிர்ந்தது. திறக்கலாம். பிளாஸ்டிக் அட்டை கையில் இருந்தது. பச்சை விளக்கு எரிந்தபடியே இருந்தது. போதும் என்று தோன்றியது. உண்மையாகவே தோன்றியது. மிச்சத்தை வெளிச்சத்தில் கேட்டுக்கொள்ளலாம். அவள் கையை நீட்டினாள்.

கை பாதியில் நின்றது.

மணிக்கட்டைச் சுற்றிக் குளிர். விரல் விரலாக. பின்னாலிருந்து.

அவள் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. கண்ணின் ஓரத்தில் பருத்திக் கையுறை. வெள்ளை. நைந்த உள்ளங்கை. நைந்த இடத்தில் நீலமான தோல். காதருகில் மூச்சு இல்லை. மூச்சு இருக்க வேண்டிய இடத்தில் பழைய பனியின் வாசனை.

"எலி," என்றது.

அன்பான குரல்தான். குளியலறைக் கதவைத் தட்டி, உள்ளேயே தூங்கிட்டியா என்று கேட்கிற அதே குரல். அதனால்தான் அவளால் கத்த முடியவில்லை.

உள்ளே மைனாவின் கையைப் பிடித்திருப்பதும் இதுதான். இங்கே பிடித்திருப்பதும் இதுதான்.

கையுறை அவள் கையைத் தூக்கியது. கைப்பிடியைத் தாண்டி. மேலே. கொக்கியில் தொங்கும் அட்டைக்கு. அவள் விரல்களை விறைத்த கயிற்றில் ஒவ்வொன்றாக மடித்துவைத்தது. எடுக்கப்போகிறது என்று நினைத்தாள். எடுக்கவில்லை. கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றது. அவசரமே இல்லாமல். எதையோ எதிர்பார்த்துக்கொண்டு.

மேல்தளத்தில் இசை மறுபடி தொடங்கியது. நடைவழியில் யாரும் இல்லை.

"திறந்துடு அக்கா," என்றாள் அவள் உதட்டுக்குள். "அவ சொல்லிட்டா. போதும்."

கை அசையவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் தட்டல் நின்றது. நின்றதும், அவள் விரல்கள்மேல் இருந்த விரல்கள் கொஞ்சம் இறுகின. கயிறு கொக்கியிலிருந்து ஒரு நூல் அளவு மேலெழும்பியது.

மைனா பேசினாள். தரையில் உட்கார்ந்துவிட்ட குரல். கெஞ்சல் போய்விட்டிருந்தது.

"அவ தட்டுனப்ப நான் வெளியேதான் நின்னுட்டிருந்தேன். குமிழ் இறுகிடுச்சு, திறன்னு சொன்னா. வெளிப்பக்கத்துலேருந்து இழுத்தா திறந்திருக்கும். நான் ஒண்ணும் பேசல. அட்டையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். தட்டுறது நிக்கிற வரைக்கும் நின்னேன் குட்டி. நின்னப்புறம்தான் அட்டையை எடுத்தேன்."

பிறகு மைனா மறுபடி தட்டத் தொடங்கினாள். மெதுவாக. கயிற்றின்மேல் இருந்த பிடி தளர்ந்து, காத்திருந்தது.